ஒரு கை, ஒரு பெட்டி, ஒரு கொப்பி: கடைசிக் காலத்தில் வீட்டில் மருந்து கொடுப்பவர்களுக்கு

"இனி வீட்டில வச்சுப் பாருங்க" என்று சொல்லி வார்டிலிருந்து அனுப்பும்போது கையில் ஒரு பை மருந்தும் தருவார்கள். சின்னச் சின்னக் கடதாசி உறைகள், ஒரு பாணிப் போத்தல், உறைகளின் மேல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அவசரமாய்க் கிறுக்கிய எழுத்து. நோயாளியை ஆட்டோவில் தாங்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறுகிறவரை அந்தப் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ராத்திரி வலி வந்த பிறகுதான் திறக்கிறோம். அப்போது கேட்க ஆளில்லை.

தொண்டைப் புற்றுநோயோடு எங்கள் அப்பாவை நாங்களும் அப்படித்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் கொண்டு வந்தோம். ஐந்து மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். குணப்படுத்துவதை விட்டு, வலியும் வேதனையும் இல்லாமல் வைத்திருப்பதை மட்டும் நோக்கமாகக் கொண்ட கவனிப்பு அது. தணிப்புப் பராமரிப்பு, ஹொஸ்பிஸ், பாலியேட்டிவ் என்று பல பெயர் சொல்வார்கள். அந்த ஐந்து மாதத்தில் நான் கண்டது: வீட்டில் மருந்து பிசகுவதற்கு அறியாமையை விடப் பெரிய காரணம், பாசமுள்ள பல கைகள். அம்மா ஒன்று கொடுப்பார், அண்ணி ஒன்று கொடுப்பார், பார்க்க வந்த மாமா டவுனிலிருந்து வாங்கி வந்ததைக் கொடுப்பார். அதனால்தான் ஒரு கை, ஒரு பெட்டி, ஒரு கொப்பி என்கிறேன்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் எழுதியதைப் பிசகாமல் கொடுக்கும் வழியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வார்டை விட்டு இறங்குமுன்

பையை வாங்கியதும் கட்டிலின் மேல் எல்லா உறையையும் பரப்புங்கள். நர்ஸ் மிஸ்ஸிடம் ஒவ்வொன்றாய்க் காட்டிக் கேளுங்கள்: இது எதற்கு, எத்தனை, எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, தினமுமா தேவைப்பட்டால் மட்டுமா. சொல்லச் சொல்ல அதே உறையின் மேல் தமிழில் எழுதுங்கள். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டிலிருந்து தமிழும் இலங்கையின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

உறைகளில் வரும் குறிகளைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி பயம் போய்விடும். ஓ.டி. என்றால் நாளுக்கு 1 தடவை. பி.டி. 2 தடவை. டி.டி.எஸ். 3 தடவை. கியூ.ஐ.டி. 4 தடவை. மேனே என்றால் காலையில், நொக்டே என்றால் படுக்கும்போது. எஸ்.ஓ.எஸ். அல்லது பி.ஆர்.என். என்று எழுதியிருந்தால், தேவைப்படும்போது மட்டும். இந்தக் கடைசிக் குறி உள்ள மருந்துக்கு இன்னும் 2 கேள்வி கேட்க வேண்டும்: ஒரு தடவை கொடுத்தபின் அடுத்ததற்கு எவ்வளவு இடைவெளி விடுவது? ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை?

பழைய மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரஷர், சீனி, கொழுப்புக்கு வருசக்கணக்காய்ப் போட்ட குளிசைகளில் பல இனித் தேவைப்படாது. முக்கியமாகச் சீனி மருந்து. ஆள் சாப்பிடுவது குறைந்த பிறகும் அதே அளவு இன்சுலினோ குளிசையோ கொடுத்தால், சீனி திடீரென இறங்கி உடம்பு வியர்த்து நடுங்கும், பேச்சு தடுமாறும். சாப்பாடு குறைந்தால் என்ன செய்வது என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வார்டின் தொலைபேசி இலக்கம், அடுத்த கிளினிக் திகதி, கொடுத்த மருந்து எத்தனை நாளைக்கு வரும் என்ற 3 விபரமும் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். நோயையும் சிகிச்சையையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டை போனில் படம் பிடித்து வையுங்கள். ஊருக்கு வந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, இப்படி ஒருவர் இந்த லயத்தில் இருக்கிறார் என்று சொல்லி வைப்பது பின்னால் உதவும்.

பெட்டி

எங்கள் பக்கத்தில் வெயிலை விட ஈரம்தான் மருந்துக்கு எதிரி. தென்மேற்கு மழை பிடித்தால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் சுவரே வியர்க்கும். கடதாசி உறையில் கிடக்கும் குளிசை பொதுமி, நிறம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, உறைகளை உறைகளாகவே அதற்குள் வையுங்கள். வெவ்வேறு குளிசைகளை ஒரே போத்தலில் கொட்டாதீர்கள். அட்டையில் வரும் குளிசையை முன்கூட்டியே உடைத்து வைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே புகை படும் பரணும், சாமித் தட்டும், ஜன்னல் விளிம்பும் மருந்துக்கு இடமில்லை.

லயத்துக் காம்பராவில் தனி அறை, பூட்டுள்ள அலுமாரி என்றெல்லாம் பேச முடியாது. எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய றங்குப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, மருந்து டின்னை அதற்குள் வைத்தோம். சாவி மருந்து கொடுப்பவர் இடுப்பில் இருக்கும். இது மிகையல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இஸ்தோப்பில் ஏறி இறங்கும் வீடு. குளிசை அவர்களுக்கு மிட்டாய் போலத்தான் தெரியும். பெரியவருக்கு வலி தீர்க்கும் ஒரு மோர்பின் குளிசை சின்னப் பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடலாம். "இடுப்பு வலி தாங்கல, உங்க அப்பாவோட குளிசையில ஒண்ணு கொடு" என்று மலையிலிருந்து வந்து கேட்பவர்களும் உண்டு. இல்லை என்று சொல்லுங்கள். கேட்பவர் மனம் நோகும், உயிர் போகாது.

மோர்பின் 1929ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்படும் மருந்து. ஊர்ப் பாமசியில் நினைத்த நேரம் வாங்க முடியாது. கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது கிளினிக் கொப்பியையும் மருந்து எழுதிய துண்டையும் அதே பையில் வையுங்கள்.

கையிருப்பைப் பற்றி ஒன்று. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டைப் பார்த்தோம். 2025 நவம்பரில் புயல் மழைக்கு மண்சரிந்து மலையகத்தில் பல ஊர்களின் பாதை அடைபட்டதையும் பார்த்தோம். கடைசிக் குளிசை வரை காத்திருக்காதீர்கள். 1 வாரத்து மருந்து மீதியிருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். நோயாளி போக முடியாவிட்டால், யார் போய் எந்தக் காகிதத்தைக் காட்டி வாங்கலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கொப்பி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது இல்லாததால்தான் எங்கள் வீட்டில் ஒரு பிசகு நடந்தது.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2 மணிக்கு அப்பாவுக்கு மோர்பின் கொடுத்துவிட்டு நான் துணி துவைக்கப் பீலிக்குப் போய்விட்டேன். டவுனுக்குப் போன அண்ணி திரும்பி வந்து பார்க்கும்போது அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருந்தார். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரம் அது. அண்ணிக்கு அது தெரியாது. 2 மணி மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று நினைத்து, அவரும் கொடுத்துவிட்டார். மூன்றரைக்கு நான் வந்து கூப்பிட்டால் அப்பா கண்ணைத் திறந்து உடனே மூடுகிறார். போனில் வார்டைப் பிடித்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பச் சொன்னார்கள். ஒரு முழு நிமிடத்துக்கு மூச்சை எண்ணச் சொன்னார்கள். அடுத்த வேளையைத் தாங்கள் சொல்லும்வரை கொடுக்கக் கூடாது என்றார்கள். கம்பளி ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணினேன். 10 இருந்தது. கால் மணிக்கு ஒரு தரம் எண்ணிக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். ஆறரை மணிக்கு அப்பா சாயத் தண்ணி கேட்டார். அண்ணி அன்றைக்கு அழுத அழுகையை மறக்க முடியாது. அவர் மேல் பிழை இல்லை. கொடுத்தாயிற்று என்று சொல்ல வீட்டில் ஒரு காகிதம் இருக்கவில்லை.

அடுத்த நாள் கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினோம். கோடு போட்டு: திகதி, நேரம், மருந்து, எத்தனை, எதற்கு, கொடுத்தவர், 1 மணி நேரத்துக்குப் பிறகு எப்படி. கொடுப்பதற்கு முன் கொப்பியைப் பார்க்க வேண்டும். கொடுத்த கையோடு எழுத வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டீர்கள். பேனையைக் கொப்பியோடு நூலில் கட்டி வையுங்கள். அது காணாமல் போவதுதான் முதல் தடங்கல்.

வீட்டில் ஒருவர்தான் மருந்துப் பொறுப்பு. ஆனால் அவரும் கொழுந்து பறிக்கப் போகலாம், தூங்கலாம், அவருக்கே காய்ச்சல் வரலாம். அதனால் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கள். மூன்றாவது ஆள் வேண்டாம். கை மாறும்போது சாவியும் கொப்பியும் சேர்ந்தே மாற வேண்டும். "ஆறு மணிக்குக் கொடுத்தாச்சு, அடுத்தது பத்துக்கு" என்று வாயாலும் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாவோ பெரியம்மாவோ பகலில் பார்ப்பதென்றால், காலை மருந்து உறையில் சூரியனையும் ராத்திரி மருந்தில் நிலாவையும் வரையுங்கள். எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி. கொடுத்ததும் கொப்பியில் ஒரு கோடு இழுத்தால் போதும். எங்கள் பெரியம்மா ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

சனிக்கிழமை தோறும் மோர்பினை எண்ணி, மீதியைக் கொப்பியில் எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் கொண்டு போங்கள். எப்போது வலி கூடுகிறது, அவசர மருந்து நாளுக்கு எத்தனை தரம் போகிறது என்பதை அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவை மாற்றுவார்.

மோர்பின்

பெயரைக் கேட்டதும் பயம் வரும். "மோர்பின் கொடுத்தா ஆள் போயிருவாரு", "பழகிப் போயிரும்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்வார்கள். டாக்டர் வலிக்கு அளந்து எழுதிய அளவு சாவை விரைவுபடுத்துவதில்லை. கடும் புற்றுநோய் வலிக்கு மோர்பினை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே பரிந்துரைத்துவிட்டது. எங்கள் அப்பா மோர்பின் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்து பேரனோடு பேசினார். பயந்து கொடுக்காமல் விட்ட முதல் 4 நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சாதாரண மோர்பின் சுமார் 4 மணி நேரம் நிற்கும். ஆகவே 6, 10, 2, 6, 10 என்று நேரத்துக்குக் கொடுக்கச் சொல்வார்கள். நடுச்சாம மருந்துக்கு எழுப்ப வேண்டுமா, படுக்கும்போது கூட்டிக் கொடுக்கலாமா என்பதை டாக்டர் சொல்வார். நீங்களாகக் கூட்டாதீர்கள். போனில் அலாரம் வையுங்கள். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க அவசர அளவு ஒன்று தனியாகத் தருவார்கள். அதைக் கொடுத்தாலும் நேரத்து மருந்தை நிறுத்துவதில்லை, இரண்டையும் கொப்பியில் தனித்தனியாக எழுதுவதுதான். ஒரு வேளை மருந்து தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

12 மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும் இன்னொரு வகைக் குளிசை உண்டு. அது மெல்ல மெல்லக் கரைந்து இறங்குவதற்காகச் செய்தது. அதை இடிக்கவோ கரைக்கவோ மெல்லவோ கூடாது. அப்படிச் செய்தால் 12 மணி நேரத்து மருந்து முழுவதும் ஒரேயடியாய் உடம்பில் இறங்கிவிடும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் உறையில் சிவப்பு மையால் அடையாளம் போடுங்கள்.

பாணியாகத் தந்தால் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வோர் அளவு. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை வாங்கி, எந்தக் கோடு வரை என்று நர்ஸிடம் காட்டச் சொல்லி, அந்தக் கோட்டில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். புதுப் போத்தல் வரும்போதெல்லாம் 1 மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது பழைய போத்தலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கோடும் மாறும்.

முதல் 2, 3 நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. மோர்பின் போகும் நாள் வரை மலமிளக்கியும் போக வேண்டும். அதைத் தராமல் அனுப்பியிருந்தால் கேட்டு வாங்குங்கள். 3 நாள் மலம் போகவில்லை என்றால் சொல்லுங்கள். வயிற்று வேதனையை நோயின் வேதனை என்று நினைத்து நாங்கள் ஒரு வாரம் அப்பாவைத் தவிக்க விட்டோம்.

சிலருக்கு, மோர்பின் வகையைச் சேர்ந்த வலி மருந்தான பென்டனைல் உள்ள, தோலில் ஒட்டும் பட்டி கொடுப்பார்கள், வழக்கமாக 3 நாளுக்கு ஒன்று. நுவரெலியாக் குளிருக்கு வெந்நீர்ப் பையும் தணல் சட்டியும் பக்கத்தில் வைப்பது நம் பழக்கம். பட்டி ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும், அது ஆபத்து. கம்பளியால் போர்த்துங்கள். பழையதைக் கழற்றிய பிறகே புதியதை ஒட்டுங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

கூடச் சேரக் கூடாதவை

பனடோல் எல்லார் வீட்டிலும் இருக்கும், அதிலுள்ள மருந்து பரசிட்டமோல். 500 மில்லிகிராம் குளிசை பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் போகக் கூடாது. மெலிந்து போனவருக்கும் ஈரல் நோயாளிக்கும் அதைவிடக் குறைவு, அவர்களுக்கு எத்தனை என்று கேளுங்கள். தடிமன் மருந்துகள் பலவற்றிலும் சில வலிக் குளிசைகளிலும் அதே பரசிட்டமோல் ஒளிந்திருக்கும் என்பதால் எண்ணிக்கை தெரியாமலே கூடிவிடும். டிக்ளோபெனாக் போன்ற வலி மருந்தைக் கேட்காமல் வாங்கிக் கொடுத்தால் வயிற்றில் புண்ணாகலாம், சிறுநீரகமும் பாதிக்கும். தூக்கக் குளிசையும் சாராயமும் மோர்பினோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும். "கடைசி ஆசை, ஒரு சொட்டு கொடு" என்று உறவுக்காரர் போத்தலோடு வந்தால், முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நாட்டு மருந்து, கசாயம் எது கொடுத்தாலும் கொப்பியில் எழுதுங்கள். மறைத்தால்தான் கெடுதல்.

டெக்ஸாமெதசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்ட் மருந்து) கொடுத்திருந்தால் காலையில் சாப்பாட்டுக்குப் பின். மாலையில் கொடுத்தால் ராத்திரி தூக்கம் வராது. பல நாள் கொடுத்ததைத் திடீரென நிறுத்தவும் கூடாது. தண்ணீர் பிரிய வைக்கும் குளிசையும் காலையிலேயே. கக்கூசு லயத்துக்கு வெளியே இருக்கும் வீட்டில், அதை அந்தியில் கொடுத்துவிட்டு ராத்திரி இருட்டில் ஆளை நடக்க வைத்தால் விழுந்துவிடுவார்.

விழுங்க முடியாதபோது

தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். அது இறங்கினால் ஒரு குளிசை, மறுபடி தண்ணீர். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், கன்னத்தோரம் ஒதுங்கிக் கிடக்கும். படுத்த நிலையில் கொடுக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். குளிசையைக் கஞ்சிக் கிண்ணத்தில் கலக்கும் வழக்கமும் நல்லதல்ல. பாதிக் கஞ்சியை வைத்துவிட்டால் பாதி மருந்தும் போயிற்று.

எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு உறையில் எழுதுங்கள். விழுங்குவது சிரமமாகத் தொடங்கிய நாளே வார்டுக்குச் சொல்லுங்கள். பாணி, நாக்குக்கு அடியில் வைப்பது, தோலுக்கு அடியில் போடும் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன, ஆனால் ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும். கடைசி நாட்களில் டாக்டரே பல மருந்துகளை நிறுத்துவார். வலி, மூச்சுத் திணறல், குமட்டல், பதற்றம் ஆகியவற்றுக்கு உள்ளது மட்டும் மிஞ்சும். அது கைவிடுவதல்ல. தொண்டையில் கர்கர் சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அதற்கும் மருந்து உண்டு. காய்ந்த உதட்டையும் வாயையும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள்.

உடனே அழைக்க வேண்டிய நேரம்

உலுக்கிக் கூப்பிட்டும் எழும்பவில்லை, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 8க்கும் குறைவு என்றால் (கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியும் இருக்கலாம்) அடுத்த மோர்பினைக் கொடுக்காமல் உடனே அழையுங்கள். அவசர அளவு கொடுத்தும் வலி அடங்காதபோதும், எல்லா மருந்தையும் வாந்தியெடுக்கும்போதும், ஆளைத் தெரியாமல் பிதற்றும்போதும், வலிப்பு வந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிள்ளை யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் அறிகுறி வரும்வரை பார்த்திருக்கவே கூடாது. மீதியுள்ள மருந்தையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி.

சாகும் தறுவாயில் மூச்சு விட்டு விட்டு வருவதும் இயல்பே. மருந்தாலா, இயல்பாலா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை, வார்டில் கேளுங்கள்.

சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990க்கு அழைத்தால் இலவசமாக வரும். தோட்டம், டிவிசன், லயம் எது என்று சொல்லுங்கள். பல லயங்களுக்கு வண்டி ஏறாது. டோர்ச்சோடு ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். வருகிறவர்களிடம் முதலில் டயக்னோசிஸ் கார்டையும் கொப்பியையும் காட்டுங்கள், கடைசி மோர்பின் எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு

சாவு வீட்டில் கூட்டம் நிறையும்போது றங்குப் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. மருந்து களவு போவதும் பிள்ளைகள் கையில் அகப்படுவதும் அப்போதுதான். சாவியை இடுப்பிலேயே வைத்திருங்கள். காரியங்கள் முடிந்ததும் இன்னொருவரைச் சாட்சிக்கு வைத்து மீதியை எண்ணி, கொப்பியில் எழுதி, மருந்து தந்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் மூடிக் கொண்டு போங்கள். பீலித் தண்ணீரிலோ ஓடையிலோ தேயிலை மலையிலோ வீசாதீர்கள், கீழ் டிவிசன்காரர் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். இன்னொரு நோயாளிக்கு உதவும் என்று மனமிரங்கியும் கொடுக்காதீர்கள்.

எட்டாம் நாள் அண்ணியும் நானும் போய்க் கொடுத்தோம். அப்பாவின் கொப்பியில் கடைசி வரி அண்ணியின் கையெழுத்தில் இருக்கிறது: மோர்பின் குளிசை 17, பாணி அரைப் போத்தல், திருப்பிக் கொடுத்தாச்சு.